ஆலா முட்டைக்கு நான் நட்ட குச்சி

பரிசலில் தனியாகப் போகிறவன் ஓரத்தில் உட்கார்ந்தால் பரிசல் சாய்ந்துவிடும். நடுவில் உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீருக்கு எட்டாது. அதனால் முன்பக்கம் முட்டி போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் கனமாக எதையாவது வைக்க வேண்டும். நான் ஒரு கல்லை வைத்துக்கொள்கிறேன். கூட ஒரு ஆள் வந்தால் கல் வேண்டியதில்லை. இரண்டு வருடமாக அந்தக் கல்லை நான் கீழே இறக்கவே இல்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பவானியும் மோயாறும் வந்து சேருகிற அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிறவன். பத்தாவது வரைக்கும் போனேன், பரீட்சை எழுதவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பதிமூன்று வயது, சின்னவளுக்கு ஒன்பது. இரண்டு பேரும் அவர்கள் அம்மாவோடு சரவணம்பட்டியில் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரிக்கு அங்கே ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை. பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். "இங்க இருக்கற பள்ளிக்கூடம் பத்தாதா?" என்று கேட்டேன். "பத்துமுங்க. உங்களுக்குப் பத்துச்சே" என்றாள்.

சண்டை ஒன்றும் இல்லை. தூரம்தான். இரண்டு வருடம் முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகள் இங்கே வரவில்லை, தாராபுரத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் மாமன் வீடு இருக்கிறது, வயசுக்கு ஒத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "இங்க வாங்க கண்ணுகளா" என்று கூப்பிட்டால், "அங்க என்னங்கப்பா இருக்குது?" என்பாள் சின்னவள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

இங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

சாயங்காலம் வலை விட்டு விடியக்காலையில் எடுப்பது எங்கள் வேலை. அணைக்குப் பக்கத்திலேயே விடுகிறவர்கள் உண்டு. நானும் என் கூட்டாளியும் மேலே, காட்டுப் பக்கமாகப் போவோம். அவன் மோயாற்றுப் பக்கம், நான் பவானிப் பக்கம். போனால் மூன்று நாள். ஐஸ் பெட்டி, அரிசி, பருப்பு, தார்ப்பாய். அந்த மூன்று நாளும் மனுசக் குரல் காதில் விழாது. முதல் நாள் நானே பாட்டுப் பாடுவேன். இரண்டாம் நாள் பரிசலிடம் பேசுவேன். மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிடும், கண் மட்டும் வேலை செய்யும்.

அப்படி வேலை செய்கிற கண்ணுக்கு என்னென்னவோ தெரியும். அணை கட்டுகிறபோது தண்ணீருக்குள் போன மரங்கள் இன்னும் நட்டமாக நிற்கின்றன, பட்டையும் இலையும் இல்லாமல். அதன் மேல் நீர்க்காகம் சிறகை விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கொடியில் போட்ட சட்டை மாதிரி. விடியக்காலையில் போனால் மொட்டைக் கிளைக்குக் கிளை சிலந்தி வலை. ராத்திரி இறங்கிய பனி அதில் கோத்து நிற்கும். நானும் வலை போடுகிறவன், அதுவும் வலை போடுகிறது. என் வலையில் மூன்று நாளைக்கு ஒரு கிழிசல். அதன் வலையில் கிழிசலைக் கண்டதே இல்லை.

ஒரு தடவை நடுத்தண்ணீரில் நின்ற ஒரு மரக்கட்டையில் செவ்வெறும்பு கூட்டமாக இருப்பதைப் பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர். எப்படி வந்தது, என்னத்தைத் தின்கிறது என்று தெரியவில்லை. இரண்டு சோற்றுப் பருக்கையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எறும்பு வந்தது, தொட்டது, திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையே வந்தது. வெயில் ஏறுகிறவரைக்கும் நான் அங்கேயே இருந்தேன். அன்றைக்கு வலை எடுக்கப் பிந்திவிட்டது. கூட்டாளி கேட்டான். எறும்பு பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பான் என்று, வலை மாட்டிக்கிச்சு என்று சொன்னேன்.

மாசி பிறந்தால் தண்ணீர் இறங்கும். இறங்க இறங்க அடிமண் வெளியே வரும். முதலில் வெறும் சேறு. பத்து நாளில் வெடிப்பு விடும். அந்த வெடிப்புக்குள் பச்சை எட்டிப்பார்க்கும். பிறகு நெருஞ்சி படரும். நெருஞ்சிப் பூ மஞ்சளாக, காலையில் கிழக்கே பார்த்திருக்கும், சாயங்காலம் மேற்கே பார்த்திருக்கும். முள்ளைத் திட்டுகிறவன் யாரும் அந்தப் பூவைக் குனிந்து பார்ப்பதில்லை. உலர்ந்த மணலில் குழியானைப் பூச்சி குழி பறித்து வைத்திருக்கும். புனலைப் பதித்து எடுத்த மாதிரி சின்னக் குழி. எறும்பு தவறி விழுந்தால் அடியில் இருந்து மணலை வீசி அடிக்கும். நீங்கள் வீட்டு ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கும், கால் வைக்க இடம் இருக்காது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளோடு போனில் பேசுவேன். எங்கள் குடியிருப்பில் சிக்னல் வரும், போகும். நன்றாக எடுப்பது தண்ணீர் ஓரத்தில் இருக்கும் ஒரு பாறை மேல்தான். நாங்கள் அதை டவர் பாறை என்போம். அதன் மேல் ஏறி நின்று பேசுவேன்.

"சாப்ட்டியா கண்ணு?"

"ம்."

"அக்கா என்ன பண்றா?"

"படிக்கறா."

"மழ வந்துச்சா அங்க?"

"இல்லீங்ப்பா. அம்மாகிட்டத் தரட்டுங்களா?"

ஒரு நிமிசம் கூட ஆகாது. போனை வைத்த பிறகும் நான் பாறை மேலேயே நிற்பேன். இறங்கினால் சிக்னல் போய்விடும். ஒருவேளை திரும்பக் கூப்பிட்டால்?

போன பங்குனியில்தான் அந்தக் கூட்டைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கி, நடுவில் ஒரு மணல் திட்டு தலை தூக்கியிருந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மஞ்சள் மூக்கு, கறுப்புத் தொப்பி, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். தண்ணீருக்கு மேலே பறந்துகொண்டே இருந்து, அம்பு மாதிரி விழுந்து மீன் எடுக்கும். எங்கள் ஆட்கள் வெள்ளைக்குருவி என்றுதான் சொல்வார்கள். பரிசல் கிட்டப் போனதும் அது எழுந்து தலைக்கு மேலே கத்தியது. அது எழுந்த இடத்தில் மணலில் லேசாக ஒரு பள்ளம், நம் உள்ளங்கை அளவு. அதில் மூன்று முட்டை. மண் நிறத்தில், காப்பித்தூளைத் தூவிய மாதிரி புள்ளி. ஒரு புல், ஒரு சுள்ளி கூட அடியில் இல்லை. வெறும் மணல்தான் வீடு.

பரிசலை விட்டு இறங்காமல் ஒரு போட்டோ எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை டவர் பாறையில் ஏறி அனுப்பினேன். ஐந்து நிமிசத்தில் போன் அடித்தது. நான் கூப்பிடாமல் அவர்களே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, அது ஆலாங்கப்பா. ஆத்து ஆலா. நெட்ல பாத்தேன்" என்றாள் பெரியவள். "மூணு வாரத்துல பொரிக்குமாமா. குஞ்சு பறக்கறதுக்கு இன்னொரு மாசம் ஆகுமாம்."

சின்னவள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, அப்ப மே மாசம் வந்தா குஞ்சு இருக்குமுங்களா?"

"இருக்கும் கண்ணு."

"அப்ப நாங்க அங்க வாரோம். தாராவரம் போகல. மூணுக்கும் பேரு வெச்சுட்டேன்."

"என்ன பேரு?"

"இப்பச் சொல்ல மாட்டேன். குஞ்சு வந்தப்புறம்தான் சொல்லுவேன்."

அன்றைக்குப் பதினெட்டு நிமிசம் பேசினோம். போனில் நேரம் காட்டுமே, அதைப் பார்த்தேன். அவர்கள் வருவதும் வராததும் அந்த மூன்று முட்டையில்தான் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

அதற்குப் பிறகு மேலே போகும்போதும் வரும்போதும் அந்தத் திட்டுப் பக்கமாகவே போவேன். தூரத்தில் பரிசலை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். உச்சி வெயிலில் மணல் அடுப்பு மாதிரி கொதிக்கும். அப்போது ஆலா ஒன்று செய்யும். எழுந்து போய்த் தண்ணீரில் வயிற்றை முக்கி, ஈரத்தோடு வந்து முட்டை மேல் உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செய்யும். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவோமே, அது மாதிரி. அதைப் போனில் சொன்னபோது பெரியவள், "நெசமாலுமா?" என்று கேட்டாள். அவள் படித்த இடத்தில் அது இல்லையாம். நான் சொன்ன ஒன்று அவளுக்குப் புதிதாக இருந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஆனால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் பார்க்கிறேன், திட்டு இப்போது திட்டு இல்லை. கரையோடு ஒட்டிக்கொண்டது. மேய்ச்சலுக்கு வருகிற எருமைகள் பச்சையைத் தேடி அந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்க ஆரம்பித்துவிட்டன. குளம்புத் தடம் கூட்டுக்குப் பத்தடியில் கிடந்தது.

என்ன செய்யலாம் என்று யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. என் அப்பன் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டியவர். உழும்போது ஆள்காட்டிக் குருவியின் முட்டையைக் கண்டால் ஏரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதன் தலையில் சாக்குத்துணி கட்டுவார். நாலடியை விட்டுத்தான் உழுவார்கள். களை வெட்டுகிற பெண்கள் குச்சியைப் பார்த்து ஒதுங்குவார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். பண்ணையக்காரர் கூட அதை ஏன் என்று கேட்க மாட்டார். சுற்றுவட்டாரத்தில் அது எல்லோருக்கும் பழக்கம். நானும் அதையே செய்தேன். தோள் உயரத்துக்கு ஒரு வேலாங்குச்சி வெட்டி, கூட்டுக்கு ஓரடி தள்ளி ஊன்றி, வெள்ளைச் சாக்கைக் கிழித்துக் கட்டினேன். எருமைக்காரர்களிடமும் போய்ச் சொன்னேன். "அதுக்கென்னுங்க, குச்சி இருக்குதுல்ல, பாத்துக்கறோம்" என்றார்கள். சொன்னபடி எருமைகளை ஒதுக்கித்தான் ஓட்டினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குச்சி நட்டதை அந்த ஞாயிறு போனில் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

மேலே போகும் வழியில் கூட்டாளியைப் பார்த்தபோது சொன்னேன். ஒரே வயசுக்காரன், என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவான்.

"ஏம் மாப்ளே, மீனுக்கு வல, குருவிக்குக் காவலா? அடுத்து முதலைக்குத் தொட்டில் கட்டுவியா?"

"என்ற பிள்ளைக வாருதுகடா. அதுக பாக்கோணும்."

சிரிக்கிறதை நிறுத்திவிட்டான். "அப்ப இன்னொரு குச்சி சேத்து நட்டு வெய்யி" என்றான்.

கெடுப்பதற்கு ஒரு குச்சியே போதும் என்று எனக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று.

மேலே மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். வெகுதூரத்தில் வரும்போதே ஆலாக்கள் கத்துவது கேட்டது. இரண்டும் மேலே ஏறி ஏறிக் கீழே பாய்ந்துகொண்டிருந்தன. என் குச்சியின் தலையில் ஒரு அண்டங்காக்கா உட்கார்ந்திருந்தது. ஆலா பாயும்போது தலையை மட்டும் குனிந்துகொண்டது, குச்சியை விடவில்லை. நான் துடுப்பைத் தூக்கிக் கத்தினேன். எழுந்து போய்க் கொஞ்ச தூரத்தில் மணலில் இறங்கி நின்று என்னைப் பார்த்தது.

பள்ளத்தில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஓட்டுத் துண்டு. உள்பக்கம் ஈரம். அதற்குச் சித்தெறும்பு வரிசை வந்துவிட்டது. குச்சியின் மேலிருந்து கீழ்வரை எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது. ஒரு நாள் எச்சம் இல்லை அது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டுகிறவரை நாலு பக்கமும் வெறும் மணல், காய்ந்த சேறு. உயரமாக நிற்கிற பொருள் என் குச்சி ஒன்றுதான். என் அப்பன் குச்சி நட்ட காட்டில் வேம்பு இருந்தது, பனை இருந்தது, கரண்டுக் கம்பி இருந்தது. காக்காய்க்கு அவர் குச்சி தேவைப்படவில்லை. இங்கே உட்கார்ந்து பார்க்க அதற்கு ஒரு இடமும் இல்லாமல் இருந்தது, நான்தான் போட்டுக் கொடுத்தேன். அது மட்டுமா? வலையில் செத்து ஊறிப்போன மீனைக் கரையில் வீசிவிடுவது எங்கள் வழக்கம். அந்த மீனுக்குத்தான் காக்காய் இவ்வளவு தூரம் உள்ளே வந்தது. கூப்பிட்டதும் நான், நாற்காலி போட்டதும் நான்.

குச்சியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன். மிதந்துகொண்டே போனது. ஆலா இரண்டும் கொஞ்ச நேரம் சுற்றின. ஒன்று இறங்கி, பள்ளத்தில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. ஒன்றுமில்லாத பள்ளத்தில். இரண்டு நிமிசம் இருக்கும். எழுந்து போய்விட்டது. மறுநாள் வந்து பார்த்தேன். இரண்டையும் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டவர் பாறையில் ஏறினேன். எப்படிச் சொல்வது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போன் அடித்தது. எடுத்தவுடனே சின்னவள், "அப்பா, பொரிச்சுருச்சுங்களா?"

மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். படி ஏறி ஓடி வந்திருப்பாள்போல.

"பொரிச்சுருச்சு கண்ணு" என்றேன்.

"மூணுமா?"

"மூணும்."

அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதில் இருந்து எடுத்துவிட்டேன். பெரியவள் வந்து என்ன நிறம் என்று கேட்டாள். மண் நிறம் என்றேன். அது பொய்யில்லை, முந்தின வருடங்களில் வேறு திட்டில் பார்த்திருக்கிறேன். கடைசியாக அவர்கள் அம்மா பேசினாள். "ரெண்டும் குதிக்குதுங்க. பரீட்ச முடிஞ்ச மறுநாளே புளியம்பட்டி பஸ்ஸேறோணுமாமா. நானும் ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கறனுங்க" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு நாளாகியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா, பிள்ளைகளே? கொசுவலையைத் துவைத்துப் போட்டேன். கட்டிலுக்குக் கயிறு மாற்றினேன். சமையல்கட்டில் புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவர்கள் வந்து நின்று குஞ்சு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று மட்டும் நினைக்கவில்லை. நினைப்பு வந்தால் எழுந்து இன்னொரு வேலை செய்வேன்.

அடுத்த ஞாயிறு பெரியவள் போட்டோ கேட்டாள்.

"போன்ல தண்ணி பட்டுருச்சு அம்மணி. போட்டோ மங்கலா உழுகுது."

"இன்னும் அந்தப் பள்ளத்துலயேவா இருக்குதுங்?"

"ஆமா, மூணும் அதுலயேதான்."

"சரிங்ப்பா" என்றாள். ஆலாக் குஞ்சு பொரித்த இரண்டு மூன்று நாளில் பள்ளத்தை விட்டு நடந்துவிடும் என்று அவள் படித்திருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கற? மேல பாறைத் திட்டுல நூறு ஆலா இருக்குது. குஞ்சப் போட்டோ புடிச்சு அனுப்பு. குருவிகிட்ட ஆதார் கார்டா கேக்கப் போறாங்க?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் கிளம்பினேன். ஒன்றரை நாள் துடுப்புப் போட்டேன். அந்த இடம் காட்டுக்குள், நாங்களே இறங்கக் கூடாது. ஓரத்தில் முதலை வெயில் காயும். பிள்ளைகளைக் கூட்டிப்போகிற இடம் இல்லை. திட்டு முழுக்க ஆலா. சத்தத்தில் காது அடைத்தது. பரிசலைச் சுழலவிட்டு ஓரமாக நின்றேன். பாறை நிழலில் ஒரு குஞ்சு தெரிந்தது. ஒன்று என்று நினைத்தது மூன்றாக நகர்ந்தது. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி. தாய் ஒரு சின்ன மீனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வந்து, ஒன்றின் வாயில் வைத்தது. குஞ்சால் விழுங்க முடியவில்லை. கீழே போட்டது. தாய் மீனை எடுத்துப் போய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து திரும்பக் கொடுத்தது. இப்படி நாலு தடவை. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தொட்டுக் காட்டியிருப்பேன். எதிரில் கல்தான் இருந்தது.

போட்டோ நன்றாகவே விழுந்தது. மூன்று குஞ்சும் தெளிவாக.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே டவர் பாறைக்கு வந்துவிட்டேன். போட்டோவை எடுத்து, அனுப்புகிற இடம் வரைக்கும் வந்தேன். அப்போது சிக்னல் பிடித்து, சின்னவள் அனுப்பியிருந்த பேச்சு ஒன்று வந்து விழுந்தது. அமுக்கிக் காதில் வைத்தேன்.

"அப்பா, மூணும் நல்லா இருக்குதுங்களா? வெயிலா இருக்குதாமா, அம்மா சொன்னாங்க. அதுகளுக்கு நெழலுக்கு எதாச்சும் வெச்சீங்களா? வெக்காட்டி வெய்ங்கப்பா. அப்பறம் நானு டப்பால பொரி எடுத்து வெச்சிருக்கறேன், அது பொரி திங்குமா? அக்கா திங்காதுங்கறா. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

மூன்று தடவை கேட்டேன். நிழலுக்கு ஏதாவது வை என்கிறாள். அவளும் என்னை மாதிரியே குச்சி நடுகிற ஆள்தான். இந்தப் போட்டோவை அனுப்பினால் அவள் ஆயுசுக்கும் நம்புவாள். ஒரு குச்சி நட்டால் மூன்று உயிர் பிழைக்கும் என்று நம்புவாள். எங்கேயாவது போய் நடுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

போட்டோவை அனுப்பவில்லை. கூப்பிட்டேன். சின்னவளையே கேட்டு வாங்கிச் சொன்னேன்.

"கண்ணு, குஞ்சு பொரிக்கல. முட்டைய காக்கா தின்னுருச்சு. ரெண்டு வாரமா அப்பன் உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

"பொரிக்கவே இல்லீங்களா?"

"இல்ல."

"நீங்கதான் குச்சி நட்டீங்களே?"

"அந்தக் குச்சி மேலதான் காக்கா உக்காந்துச்சு."

"உக்காரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியல கண்ணு. தெரிஞ்சிருக்கோணும்."

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் தூரமாகப் போனது. பெரியவள் எடுத்தாள். "போன வாரமே எனக்குச் சந்தேகமுங்ப்பா. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குச் சின்னவள் அழுததே மேல்.

அவர்கள் அம்மா பேசினாள். "ஏனுங்க, அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சிருக்கும்."

"வருவீங்களான்னு பயமா இருந்துச்சு" என்றேன். அதை அவளிடம் சொல்லுவேன் என்று நானே நினைக்கவில்லை. "கேட்டுப் பாக்கறனுங்க" என்றாள்.

லீவுக்கு அவர்கள் தாராபுரம்தான் போனார்கள். சின்னவள் இங்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவள் வந்து பேசினாள். சின்னவள் வரவில்லை. ஐந்து ஞாயிறு. நான் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றேன். மேலே போனேன், வந்தேன். செத்த மீனைக் கரையில் வீசுவதை நிறுத்திவிட்டேன், குழி தோண்டிப் புதைக்கிறேன். கூட்டாளி கேலி செய்தான். ஒரு வாரம் கழித்து அவனும் புதைக்கிறான்.

ஆனி மாதம் நீலகிரிப் பக்கம் மழை பிடித்தது. பவானியில் செந்தண்ணீர் வந்தது. நெருஞ்சி, குழியானைக் குழி, எருமைத் தடம், அந்தத் திட்டு எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஏறியது. அன்றைக்கு ஞாயிறு இல்லை, புதன்கிழமை. வலையைக் கழுவலாம் என்று டவர் பாறைப் பக்கம் வந்தேன். போன் அடித்தது.

"அம்மணி?" என்றேன். பதில் இல்லை. "யாரு, பெரியவளா?" இல்லை. விசில் அடிக்கிற குக்கர், ஓடுகிற ஃபேன். அதற்கு இந்தப் பக்கம் மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

பேசு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வைத்துவிடுவாளோ என்று பயம். கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். "தண்ணி செவப்பா வாருது கண்ணு. மேல காட்டுல இருந்து மூங்கில், செத்தை எல்லாம் அடிச்சுட்டு வாருது. ஒரு மூங்கில் மேல ஒரு ஓணான் உக்காந்துட்டு வாருது. எங்க ஏறுச்சோ பாவம். கரைக்கு ஒதுங்குற மாதிரி இருக்குது. இல்ல, மறுபடியும் நடுவுக்குப் போவுது. தும்பி நெறையப் பறக்குது. இந்தா, ஒரு ஆலா போவுது. ஒண்ணுதான்."

"அது நம்ம ஆலாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

"தெரியல கண்ணு. அடையாளம் தெரியல."

"ம்" என்றாள்.

போனை வைக்கவில்லை. குக்கர் இன்னொரு விசில் அடித்தது. நான் ஓணான் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.